நீலத் தூள் எரிந்த அடுப்பு

எங்கள் வீட்டு மரத்தூள் அடுப்பில் மரத்தூள் எரிந்ததே இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவன் வீட்டில் விறகு வாங்கினால் தெருவே சிரிக்கும். எழுபதுகளில் நான் கல்யாணமாகி வந்தபோது, தோல் பதனிட்டு முடிந்த மரப்பட்டையை அள்ளிவந்து காயவைத்து எரிப்போம். புளித்த வாடை அடிக்கும், அவ்வளவுதான். அப்புறம் ஷாப்பில் பட்டை போய்க் குரோம் மருந்து வந்தது. தோல் நீலமாக வெளியே வந்தது. அதை மிஷினில் சீவும்போது கொட்டுகிற தூளை என் வீட்டுக்காரர் சாக்கில் கட்டி சைக்கிளில் கொண்டுவந்தார். பட்டை எரிந்த இடத்தில் இதுவும் எரியட்டும் என்று விட்டோம்.

தகர டின்னின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுத் துளையில் நெருப்பு வைப்பேன். மயிர் பொசுங்குகிற நாற்றத்தோடு நாள் முழுக்கப் புகையும். சாம்பல் பச்சையாக மிஞ்சும். அந்தச் சாம்பலைப் போட்டுத்தான் பாத்திரம் தேய்த்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் ஊதும். நாட்றம்பள்ளியில் என் அம்மா வீட்டில் வேர்க்கடலை ஓடுதான் எரிப்பார்கள். அங்கே போய்ப் பத்து நாள் இருந்தால் விசில் நின்றுவிடும். திரும்பி வந்து நான் அடுப்பு மூட்டிய அன்றே குழந்தை மூச்சுக்குத் திணறும். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது.

"இந்தத் தூளு இனிமே வூட்டுக்குள்ள வரக் கூடாது" என்றேன்.

"நாள் பூரா அதுலயேதான் நிக்கறேன். எனக்கு இன்னா ஆயிட்ச்சு?"

"கொழந்தைக்கு ஆவுதே, உன் கண்ணுல இன்னா மண்ணா?"

அறைந்தார். காது ஞொய்யென்றது. நான் சாக்கை இழுத்துப்போய்க் கால்வாயில் கொட்டினேன். மறுநாள் இரண்டு சாக்கு கொண்டுவந்தார். என் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, டின்னில் தூளை அடைக்கவைத்தார். நெருப்பும் வைக்கவைத்தார். புகை எழும்பியதும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே வரவில்லை.

என் கைக்கு அம்மிக் குழவி அகப்பட்டது. எரிகிற டின்னின்மேல் ஓங்கிப் போட்டேன். நெருப்புத் தூள் சிதறி அவர் பாதம் வெந்தது. அவர் அடித்ததில் என் உதடு கிழிந்தது. நான் அவர் கையைக் கடித்தேன், ரத்தம் வருகிறவரை விடவில்லை. மறுபடி குழவியைத் தூக்கினேன்.

"இன்னொரு தபா கொண்டாந்தா உன் தலையிலதான் போடுவேன்யா."

மிரட்டலுக்குச் சொல்லவில்லை. போட்டிருப்பேன்.

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரோரம் குந்திவிட்டார். இருமி முடித்து மூச்சை இழுத்தபோது அவர் நெஞ்சிலும் விசில் ஊதியது. மகளுடைய அதே விசில். ஒரு வருஷமாக அவர் புழுக்கம் புழுக்கம் என்று மழைநாளில்கூட வாசலில் போய்ப் படுத்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது.

"அடுப்ப ஒடச்சிட்ட" என்றார். "இத இன்னாடி பண்ணப்போற?" என்று தன் நெஞ்சைக் குத்திக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவு நாள் மறைத்தானே பாவி என்று ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மண் குழைத்து, புகை கூரைக்கு மேலே போகக் குழாய் வைத்து வேறு அடுப்பு போட்டேன். நாட்றம்பள்ளியிலிருந்து மூட்டை மூட்டையாக வேர்க்கடலை ஓடு வந்தது. மாதம் திரும்புவதற்குள் மகளின் நெஞ்சு அடங்கியது. அவர் சாக்கு இல்லாமல் வெறும் சைக்கிளில் வீடு திரும்பினார். புருவத்திலும் காதிலும் நீலத் தூள் ஒட்டியிருந்தது. வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். குளித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். புகையில்லாத அந்த அடுப்படியில், அவர் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் நடுவில் மூச்சு வாங்குவது தெளிவாகக் கேட்டது.