கேட்காமல் விட்ட கடிதம்

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் அவருக்கு அங்கே 'கறார்' என்று பட்டப்பெயர். குழாயில் ஒட்டிய சீட்டில் ஓர் எழுத்து அழிந்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். மாலையில் வீட்டில் இன்னோர் உத்தியோகம். அதில் சம்பளம் கிடையாது, மிடுக்கு மட்டும் உண்டு. பல ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் நிரல்களும் நூல்களும் அடங்கிய கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றில், புதிதாக வருவதை உள்ளே விடலாமா என்று பார்ப்பவர் அவர்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரியவர் எழுதித் தராத எதுவும் அவரைத் தாண்ட முடியாது.

ஒரு கட்சிக்காரர் தம் கட்சியின் கொள்கை அறிக்கையைச் சேர்க்க வந்தார். உரிமைக் கடிதம் கேட்டதும் ஆளையே காணோம். பிறகு பேருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், தன் மதத்தின் வேதத்தைக் கணினியில் தேடிப் படிக்கும்படி செய்து அனுப்பினாள். கறார் பதினான்கு கேள்வி கேட்டார். மொழிபெயர்த்தது யார், முன்னுரை யாருடையது, அடிக்குறிப்பு யாருடையது என்று குடைந்து எடுத்துவிட்டார். அவள் சளைக்கவில்லை. ஏழு மாதம் அலைந்து, மொழிபெயர்த்தவரின் பேத்தியிடம் கையெழுத்து வாங்கியே விட்டாள். கூடவே இப்படி எழுதியிருந்தாள்:

"அண்ணா, உங்க மத நூலை ஆறு வருஷம் முன்னாடியே நீங்க சேர்த்திருக்கீங்க. கடிதத்தை எங்க வைக்கணும்னு அதைப் பார்த்துச் செய்யலாம்னு திறந்தேன். என் கண்ணுல படல. எங்க வச்சிருக்கீங்க?"

கறாருக்குக் காது சுட்டது. வைப்பதற்குக் கடிதமே கிடையாது. வீட்டில் தினமும் படிக்கும் புத்தகம் அது. மனைவி வாசிக்க வாசிக்க இவர் தட்டச்சு செய்து, 'உரிமை சரிபார்க்கப்பட்டது' என்று தாமே எழுதிச் சேர்த்துவிட்டார். அதை மொழிபெயர்த்த பெரியவர் நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். வாராவாரம் பிரார்த்தனையில் இருவரும் நலம் விசாரித்துக்கொள்கிறார்கள்.

அவமானம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் இன்னும் இவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டினார். "பெரியவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுறேன். கேட்டா சந்தோஷமா போடுவார்."

"என்ன தேதி போடச் சொல்லுவீங்க?"

ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியைத்தான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் கணினிமுன் உட்கார்ந்தார். அவளுடைய வேதத்தை உள்ளே விட்டார். தம் மத நூலை வெளியே எடுத்தார். எடுத்தால் காரணம் எழுத வேண்டும். அது தொகுப்பில் உழைக்கும் அத்தனை பேருக்கும் போகும்.

'வேலைப்பளுவில் கடிதம் வாங்கத் தவறிவிட்டேன்' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், பெயரும் கெடாது. ஆனால் அன்று வேலைப்பளு ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதை அழித்துவிட்டு, 'என் மதத்து நூல் என்பதால் கேட்கவில்லை. வேறு மதத்து வேதத்தைக் கொண்டுவந்த சகோதரியிடம் பதினான்கு கேள்வி கேட்டேன்' என்று எழுதி, மறுபடி படித்துப் பார்க்காமல் அனுப்பினார்.