கிரில் அடுப்பில் தொங்கிய சிவப்பு அட்டை

முதலாளி, அந்தச் சிவப்பு அட்டையை வெட்டி எறியச் சொன்னது நீங்கள்தான். வெட்டியது நான். இந்த இரண்டையும் முதலில் எழுதிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் வீட்டுச் சாமான் ஷோரூம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் ஃபிட்டர் வேலை பார்த்தேன். கட்டில், பீரோ, டைனிங் டேபிள், கடைசியில் வீட்டுக்குள்ளேயே ஓடுவதற்கான டிரெட்மில் மிஷின் வரை மாட்டிக் கொடுத்தாயிற்று. முட்டி தேய்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற சிலர், "உங்க அனுபவத்த எழுதுங்கண்ணே, நாங்க படிக்கிறோம்" என்றார்கள். எழுதுகிறேன். முதலாளியும் படிப்பார் என்று தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

1. கீழ கரி, மேல கறி

சவுதி, துபாய் போய்த் திரும்பியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் முதலாளி கரி கிரில் வரவழைத்தார். முதல் லோடில் பன்னிரண்டு வந்தது. ஒன்றைப் பிரித்து ஷோரூம் வாசலில் மாட்டி வைக்கச் சொன்னார்.

உருண்டையான சட்டி, அதற்கு ஒரு மூடி, மூன்று கால், இரண்டு சக்கரம், இரண்டு கம்பித்தட்டு. சட்டிக்கு அடியிலும் மூடியிலும் காற்றுத் துவாரம். கூட வந்த புத்தகத்தில் படம் மட்டும்தான். நான் முதல் காலை மாட்டி ஸ்பேனர் போட்டு முழுசாக முறுக்கிவிட்டேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கால் துளையோடு சேரவே இல்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினேன். எல்லா போல்ட்டையும் கையால் பாதி முறுக்கி நிறுத்திக்கொண்டு, கடைசியில்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். கட்டில் மாட்டுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். புதுச் சாமானைப் பார்த்ததும் பழகின கை மறந்துவிட்டது.

"ஏலே காளி, ராக்கெட்டா விடப்போற? மதியம் ஆச்சுப்பா" என்றார் முதலாளி.

"ரெண்டு தட்டு இருக்கு. எது மேல, எது கீழன்னு படத்துல வெளங்கல."

"கீழ கரி, மேல கறி. மாத்தி வச்சிராத. வாங்குறவன் கரியத் தின்னுட்டுக் கறிய எரிச்சிருவான்."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் பேச்சு அப்படி. அந்தப் பேச்சால்தான் கடை ஓடியது, இன்றும் ஓடுகிறது.

மூடியின் கைப்பிடியில் நைலான் கயிற்றில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. உள்ளங்கை அகலம். அதில் ஒரு வீடு, வீட்டுக்குள் கிரில், பக்கத்தில் விழுந்து கிடக்கிற ஆள், எல்லாவற்றின் மேலும் ஒரு பெருக்கல் குறி. அடியில் நாலைந்து பாஷையில் எழுத்து. தமிழ் இல்லை.

"என்னப்பா இது, கரண்ட் கம்பத்து மண்டையோடு மாதிரி? இதப் பாத்தா எவன் வாங்குவான்? கத்திரிச்சு எறி. பன்னெண்டுலயும் எறிஞ்சிரு."

வாசலில் நின்றதன் அட்டையைக் கட்டிங் பிளையரால் வெட்டினேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அளவு குறிக்க ஆகுமென்று டூல் பைக்குள் போட்டேன். மற்றப் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாட்டும்போது வெட்டித் தெர்மாகோலோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். அடுத்தடுத்து வந்த லோடுகளிலும் அப்படித்தான்.

2. எனக்குத் தெரியும்

விவரம் தெரியாமல் வெட்டினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கடைக்கு வருவதற்கு முன் முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை பார்த்தவன் நான். சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி, மண் போட்டு மூடி, நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேகவிட்டுக் கரி எடுப்போம். ஒருநாள் மூட்டம் பிரிக்கும்போது என்கூட இருந்த ஒருத்தர் குனிந்தார், நிமிரவில்லை. இழுத்துக் காற்றுப் பக்கம் போட்டோம். பிழைத்துக்கொண்டார். அப்போது அங்கே புகையே இல்லை. கண் எரியவில்லை, இருமல் வரவில்லை. கங்கு மட்டும் செக்கச்செவேலென்று கிடந்தது.

புகைதான் ஆபத்து, புகை அடங்கினால் பயமில்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூட்டத்தில் நின்றவன் அப்படி நினைக்க மாட்டான். நான் நின்றவன். அட்டையின் படத்துக்கு என்ன அர்த்தம் என்று பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

3. பெரியபட்டினத்து வீடு

ஐப்பசி பிறந்த சமயம். பெரியபட்டினத்திலிருந்து ஜபருல்லா என்பவரும் அவர் மனைவி ரஹ்மத்தும் கடைக்கு வந்தார்கள். ஜபருல்லா ரியாத்தில் வேலை பார்க்கிறார். ரெண்டு மாச லீவு.

"அங்க ரூம்ல எட்டுப் பேரு இருக்கோம். வெள்ளிக்கிழமையானா மொட்டமாடியில இதான். பிள்ளைகளுக்கு ஒருதடவ செஞ்சு குடுக்கணும்" என்றார்.

"ரெண்டு மாசம் எங்களப் பாக்க வந்தாரா, அடுப்பப் பாக்க வந்தாரான்னு தெரியல" என்றார் ரஹ்மத். அப்புறம் முதலாளியைப் பார்த்துக் கேட்டார்: "அங்க மழை இல்ல. இங்கன மழை ஆரம்பிச்சா வாசல் பூரா சாரல் அடிக்குமே. அப்ப எங்க வைக்கிறது?"

முதலாளி, நீங்கள் சொன்ன பதிலை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்.

"உள்ள வச்சுக்கங்கம்மா. நீங்க வீட்டுக்குள்ள சாம்பிராணி போடுறதில்லையா? அதே கங்குதான். புகை அடங்குன பொறவு உருட்டிட்டு வாங்க, அதான் சக்கரம் இருக்கே. ஒரு தொந்தரவும் வராது."

ரஹ்மத்தின் முகம் தெளிந்தது. சாம்பிராணி போடாத வீடு நம்ம பக்கம் ஏது? பிள்ளை பெற்றவளுக்குப் போடுகிறோம், தலை குளித்தால் போடுகிறோம், இந்து வீட்டில் செவ்வாய் வெள்ளி, அவர்கள் வீட்டில் வியாழக்கிழமை மாலை. ஆனால் அது ஒரு கைப்பிடி கங்கு. கதவைத் திறந்துபோட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே கொண்டுபோய்விடுவோம். கிரிலில் ரெண்டு மூணு கிலோ கரி, மணிக்கணக்கில் கனலும். நான் பக்கத்தில்தான் பில் புத்தகத்தோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. முதலாளி பேசும்போது ஃபிட்டர் குறுக்கே பேசினால் என்ன ஆகும் என்று இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் மாட்டிக் கொடுத்தேன். கை பழகிவிட்டது, சீக்கிரம் முடிந்தது. முதல் தடவை கறி வைக்காமல் வெறுங்கரி போட்டு எரிக்கணும், பெயிண்ட், எண்ணெய் எல்லாம் போகட்டும் என்று சொன்னேன். சாம்பல் முழுசாக ஆறின பிறகு கொட்டச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். கடைசியில் பிளையரை எடுத்து அட்டையை வெட்டினேன்.

டீ கொண்டுவந்த ரஹ்மத் பார்த்துவிட்டார். "அது என்னண்ணே, செவப்பா?"

"கம்பெனி அட்டைம்மா. குப்பை."

இருபத்திரண்டு வருட வேலையில் நான் சொன்ன பெரிய பொய் இதுதான். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

4. மழை

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காற்றோடு மழை. கங்கு பிடித்து, புகை அடங்கி, கோழியை அடுக்கியிருக்கிறார்கள். சாரல் அடித்ததும் கிரிலை ஹாலுக்குள் உருட்டிவிட்டார்கள். ஜன்னலை மூடினார்கள். ஜபருல்லா பரோட்டா வாங்கப் போனார். மழையில் கடையில் ஒதுங்கி நின்றதில் நேரமாகிவிட்டது.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பெண் பிள்ளைகள் இரண்டும் சோபாவில் கிடந்தார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்தாராம். ரஹ்மத் தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் கத்தியிருக்கிறார். அக்கம்பக்கத்தார் ஓடிவந்து மூவரையும் மழைக்குள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். மூடின வீட்டுக்குள் கங்கு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறமில்லை, வாசனையில்லை என்று டாக்டர் சொன்னாராம். இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் என்றும் சொல்லி, பாதியில் நிறுத்திக்கொண்டாராம்.

சேதி தெரிந்து மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜபருல்லா என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ரஹ்மத்தான் பேசினார். குரல் மெலிந்திருந்தது.

"அண்ணே, அந்தச் செவப்பு அட்டையில என்ன போட்டிருந்துச்சு?"

டூல் பை தோளில்தான் இருந்தது. முதல் கிரிலில் வெட்டிய அட்டை அதற்குள் கிடந்தது, பின்பக்கம் யார் வீட்டுக் கட்டில் அளவோ எழுதி. எடுத்துக் கொடுத்தேன். திருப்பி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு. அடுப்பு. விழுந்து கிடக்கிற ஆள்.

"இதுக்குப் படிப்பே வேணாமே. எங்க மூத்தவ பாத்தாலே சொல்லியிருப்பாளே" என்றார்.

அட்டையை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

5. இப்போது

அந்த வாரமே கடையை விட்டு நின்றேன். முதலாளி வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டார். "உள்ள வைக்கச் சொல்லி நான் ஏன் சொல்லப்போறேன்? மாட்டப் போன ஃபிட்டர் ஒழுங்கா வெவரம் சொல்லல" என்று. பாதி உண்மை. நான் சொல்லவில்லைதான்.

என் பேர் கெட்டது எனக்குப் பெரிசில்லை. இந்த வயதில் பேரை வைத்து என்ன செய்ய? ஆனால் நான் அட்டை வெட்டிய கிரில் இன்னும் பல வீட்டில் நிற்கிறது. மறுபடி மழைக்காலம் வரப்போகிறது. நினைவிருக்கிற வீடுகளுக்கு பைக்கில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திருவாடானையில் ஒரு வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். பரமக்குடியில் ஒருத்தர் என்னை வாசலில் நிற்கவைத்துக் கடைக்கு போன் போட்டார். பேசி முடித்துவிட்டுச் சிரித்தார்.

"வேலைய விட்டுப் போன கடுப்புல சொல்றீங்கன்னு சொல்றாரு மொதலாளி. போங்கண்ணே, வெயில்ல அலையாதீங்க."

அவர் ஹாலின் மூலையில் கிரில் நின்றது. நான் மாட்டியது. சக்கரத்தைப் பார்த்தேன், வந்துவிட்டேன். எத்தனை வீட்டுக்குத்தான் இந்த முட்டியோடு போவது?

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போல்ட் தப்பாக முறுக்கினால் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். எச்சரிக்கை அட்டையில் மட்டும் பிளையர் வைக்காதீர்கள். யார் சொன்னாலும் சரி. வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்து, படத்தைக் காட்டி, கங்கு முழுசாக அவியும்வரை கிரில் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேலை போனால் போகட்டும். எனக்கும் போனது, இன்னும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலாளி, நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்கள் சொன்னால் நம்புவார்கள். சாம்பிராணி என்று நீங்கள் சொன்னதையே நம்பியவர்கள்தானே? ஆகவே தனியாகக் கூப்பிட்டு என்னிடம் பேச வேண்டாம். அதே குரூப்பில், அதே குரலில், கிரில் வாங்கின ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேருகிற மாதிரி பதில் சொல்லுங்கள். ரஹ்மத் கேட்டபோது, "உள்ள வச்சுக்கங்கம்மா" என்று சொன்னீர்களா, இல்லையா?