யாரென்று கேட்காத தெரு

பார்லர் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே கையை விரிப்பார். முன்னறையில் இரண்டு சுழல் நாற்காலி, சுவர் முழுக்கக் கண்ணாடி. பல்லில் நூலைக் கடித்துப் புருவம் எடுக்கும்போதும் பேச்சை நிறுத்த மாட்டாள். என்ன சொல்கிறாள் என்று புரியாமலே வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

தெருக்கோடியில் பழைய கோயில். எவ்வளவு பழசு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். படிக்கல் நடுவில் குழிந்து கிடப்பதைப் பார்த்தால் எல்லாக் கணக்கும் சரியென்றுதான் தோன்றும். அந்தக் கோயில் அம்மன் ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், உள்ளேயே இருக்கப் பிடிக்காமல், சாதாரணப் பெண்ணாக இறங்கி நடந்தாளாம். நடந்த களைப்பில் தாகம். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உள்ளேயிருந்து “யாரது?” என்றார்கள். உண்மையைச் சொன்னால் பயந்துவிடுவார்கள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வராது. பேசாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். கடைசி வீட்டுக்காரி மட்டும் எதுவும் கேட்காமல் கதவைத் திறந்து, செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். மறுநாள் பூசாரி நடை திறந்தபோது சிலையின் உதடு ஈரமாக இருந்ததாம்.

அந்தக் கடைசி வீடுதான் பார்லர் அக்காவின் வீடு. திருவிழாவில் அம்மன் பல்லக்கு அங்கே நிற்கும். விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, கோயில் கிணற்றில் இறைத்த தண்ணீரோடு அக்கா உள்ளே காத்திருக்க வேண்டும். பூசாரி தட்டியதும் கேள்வி கேட்காமல் திறக்க வேண்டும். அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் “யாரு” என்ற சொல் வரக்கூடாது. ஓட்டுக் கேட்க வந்தவனாக இருந்தாலும் திறந்துதான் ஆக வேண்டும்.

இவ்வளவு பெருமையுள்ள வாசலில் நின்றுதான் சில வருஷத்துக்கு முன்னால் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டாள், அதுவும் கூடப்பிறந்த தங்கையிடம். அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோதெல்லாம் தங்கை எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவின் காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியோடு வந்து இறங்கினாள். அழுது வீங்கிய முகத்தோடு அக்கா கதவைப் பாதி திறந்து, நாலு பேர் பார்க்க, “யாரு நீங்க?” என்றாள். தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டாள். வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு லீவு தரவில்லை என்பது பிறகுதான் காதுக்கு வந்தது.

அன்றிலிருந்து அக்காவுக்கு நெஞ்சில் முள். தங்கையின் நம்பர் போனில் இருக்கிறது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் “யாரு?” என்று கேட்டுவிட்டால்? தாங்க முடியாது. ஊருக்கெல்லாம் வாயடிக்கிறவள் இதில் மட்டும் கோழை.

இந்த வருஷமும் விளக்கை அணைத்துவிட்டு, செம்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் மிச்ச வெளிச்சம் குளத்துத் தண்ணீர் மாதிரி தேங்கியிருந்தது. தூரத்து நாதஸ்வரம் கிட்டே வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. கண் சொக்கியது. பக்கத்து நாற்காலியில் அம்மன் வந்து உட்கார்ந்து, நகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, “புருவம் ரொம்ப வளந்துபோச்சு, கொஞ்சம் பாரேன்” என்று தலையைச் சாய்த்தாள். அக்கா நூலைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். அது அம்மாவின் நெற்றியாக இருந்தது.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. நாதஸ்வரம் இன்னும் தூரத்தில்தான். விழித்துக்கொண்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து போய்த் திறந்தாள். தங்கை நின்றுகொண்டிருந்தாள், உதடு காய்ந்துபோய். இதுவும் கனவுதான் என்று அக்கா செம்பை நீட்டினாள். தங்கை அண்ணாந்து குடித்தாள். கழுத்து வழியே தண்ணீர் வழிந்து ரவிக்கை நனைவதைப் பார்த்த பிறகுதான் கனவில்லை என்று உறைத்தது.

“அது சாமித் தண்ணிடி,” என்றாள் மெதுவாக.

“நீதானே நீட்டினே?”

அதற்குள் மேளம் வாசலுக்கே வந்துவிட்டது. தங்கையை உள்ளே இழுத்து அக்கா கதவைச் சாத்தினாள். செம்பில் பாதிதான் இருந்தது. வேறு தண்ணீர் ஊற்றக்கூடாது. பூசாரி தட்ட, அக்கா திறந்தாள். அவர் போன வருஷம்தான் வேலைக்கு வந்தவர். பாதிச் செம்பைப் பார்த்தார், பின்னால் ஈர ரவிக்கையோடு நின்றவளைப் பார்த்தார்.

“இது யா…” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த வார்த்தை அவருக்கும் கிடையாது. இருந்த தண்ணீரை வாங்கி அம்மன் உதட்டை நனைத்தார். பல்லக்கு நகர்ந்தது.

கூட்டம் மட்டும் நகரவில்லை. பாதிப் பேர் புதுக் குடித்தனக்காரர்கள். தெரிந்த பாதிப் பேர் தெரியாத மாதிரி நின்றார்கள்.

“அன்னிக்கு நான் கேட்டது தப்புடி,” என்றாள் அக்கா.

“மறுபடியும் கேட்டுடுவியோன்னு எனக்குப் பயம்க்கா. அதான் நீ கேக்க முடியாத நாளாப் பாத்து வந்தேன்.”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தங்கையின் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள்.

“கேக்க முடியாம தவிக்கிறீங்க இல்ல?” என்றாள் கூட்டத்தைப் பார்த்து. “நானே சொல்றேன். இவ என் தங்கச்சி.”