ஜொகூர் பாருவில் பசியாறிய பிள்ளை

மலாயாவில் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் போட்டுச் சில வருஷங்களே ஆகியிருந்த சமயம். மார்கழி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். எங்கள் முதல் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, காய்ச்சலில் போய்விட்டது. அதன்பிறகு நான் யாருடனும் சரியாகப் பேசுவதில்லை. உலையை வைத்துவிட்டு அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருப்பேன். சோறு கரிந்த வாடை வந்த பிறகுதான் நினைவு வரும்.

கிறிஸ்மஸுக்குத் தோட்டத்துத் துரை லீவு கொடுத்ததும் இவர் சொன்னார்: "பாருவுக்குப் போயிட்டு வரலாம். நல்லாச் சாப்பிடுவோம், பாட்டு கேப்போம். உனக்கும் மனசு கொஞ்சம் மாறும்."

எனக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான். சரி என்றேன்.

ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் அறை எடுத்தோம். கீழே ஆட்டுக்கறி கொதிக்கும். மழை சற்று விட்டால் கறியைக் குச்சியில் குத்திச் சாத்தே சுடுகிற மலாய்க்காரர் விசிறியோடு எதிரே வந்து உட்கார்ந்துவிடுவார். இவர் ஒவ்வொன்றாக வாங்கி வந்து என் முன் வைப்பார். நான் ஒரு வாய் மென்றுவிட்டுத் தள்ளி வைப்பேன்.

பக்கத்துக் கொட்டகையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் கம்பெனி. முதல் நாள் சாயங்காலமே அழைத்துப் போனார். மேடையில் ஒரு பெண், செத்த பிள்ளையை மடியில் போட்டு ஒப்பாரி பாடினாள். கொட்டகையே அழுதது. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இவர் பின்னாலேயே ஓடி வந்து, "தெரியாமப் போச்சும்மா" என்று மழையில் நின்றார்.

மறுநாள் மத்தியானம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. அழுது அழுது குரல் கம்மிவிட்டது. என் ரவிக்கை நனைந்தது. பிள்ளை போன பிறகும் எனக்குப் பால் வற்றவில்லை. துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன்.

எழுந்து போய்ப் பார்த்தேன். அந்தப் பாட்டுக்காரிதான். குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டே குழந்தையின் வாயில் டின் பாலைப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல் வந்ததிலேர்ந்து எனக்குப் பாலே இல்லைக்கா. இதைக் குடுத்தா கக்கிடுறான்."

"கொடுங்க" என்று கை நீட்டினேன்.

"நான் நாடகத்துல பாடுறவக்கா" என்று தயங்கினாள்.

"பசிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரியுமா? கொடுங்க."

அவன் பற்றிக் குடித்தபோது உயிர் போகிற மாதிரி வலித்தது. என் பிள்ளை போனபோது வராத அழுகை அப்போதுதான் வந்தது.

தேடி வந்த இவர் வாசலில் நின்றார். "யாரு எவருன்னு தெரியாம..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். கீழே போய் அவளுக்குக் கஞ்சி வாங்கி வந்தார்.

லீவு முடியும்வரை அவனுக்கு நான்தான் பால் கொடுத்தேன். எனக்கும் பசித்தது. இவர் வாங்கி வந்ததையெல்லாம் சாப்பிட்டேன். சாயங்காலமானால் அவள் காய்ச்சலோடு மேடைக்குப் போவாள். மழையை மீறி அந்த ஒப்பாரி மாடிவரை கேட்கும். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருப்பான்.

கம்பெனி சிங்கப்பூருக்குக் கிளம்பிய காலையில் என்னால் என்னை அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"இந்த மழையில இவனத் தூக்கிக்கிட்டு எங்க அலைவீங்க? என்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் வளர்க்கிறேன்."

அவள் என் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"இவன் இருக்கான்கிற தைரியத்துலதான் அந்தப் பாட்டையே பாடுறேன். கோவிச்சுக்காதீங்கக்கா."

படுதா போட்ட லாரி பாலத்துப் பக்கம் போனது. மழையில் முகம்கூடத் தெரியவில்லை.

அடுத்த வருஷம் அதே கம்பெனி எங்கள் பக்கத்து ஊரான சிகாமட்டுக்கு வந்தது. இவர் போய் விசாரித்தார். அவள் பினாங்கில் இறந்துவிட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, ஊருக்கே கப்பலேறிவிட்டாள் என்றார் இன்னொருவர். பிள்ளையைப் பற்றிச் சொல்ல யாருமில்லை.

பிறகு எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். இறந்துபோன மூத்தவனுக்காக அழுது ஓய்ந்தும்விட்டேன். இருக்கிறானா இல்லையா என்றே தெரியாத அவனுக்காக மட்டும், விளக்கேற்றும்போதெல்லாம் இன்னும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.