மீன் சாவுப் பதிவேடு

இடது கைக் கட்டைவிரல் செவுள் மூடியைத் தூக்கிப் பிடித்தது. வலது கை ஆள்காட்டி விரல் உள்ளே நுழைந்து செவுளின் இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டியது. சளி இல்லை, வெளுப்பு இல்லை, வாய் மட்டும் ஆவென்று திறந்திருந்தது. மீனைத் தட்டில் வைத்துவிட்டு அந்த விரல்கள் அடுத்ததை எடுத்தன. விரல் நீளக் கெண்டைகள், மொத்தம் பதினொன்று. பதினொன்றும் பாதிப் பாட்டில் நிறுத்தப்பட்ட பாடகர்களைப் போல ஒரே மாதிரி வாயைப் பிளந்து கிடந்தன.

"என்னக்கா, பொரிக்கவா?" என்றார் வாட்ச்மேன்.

"இல்ல, போஸ்ட்மார்ட்டம்."

"யாரு மேல சந்தேகம்?"

"உங்க மேலதான். நேத்து டூட்டி நீங்கதானே?"

வாட்ச்மேன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டுப் பக்கம் நடந்தார்.

ஜீன்ஸ் துணிகளைத் துவைத்துத் துவைத்துப் பழசாக்கி, புதுசு என்று அனுப்பும் ஆலை அது. மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை அங்கே எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சாயமும் கஞ்சியும் கலந்த கழிவுநீர் ஐந்து தொட்டிகளைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அந்த ஐந்தும் அவர் பொறுப்பு. முன்பு அந்த வேலையைப் பார்த்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, தொட்டியோரம் கூட்டிக்கொண்டிருந்த இவர் துடைப்பத்தை வைத்துவிட்டு வால்வைத் திறந்தார். இயந்திரத்தோடு வந்த கையேட்டைப் படம் பார்த்தே புரிந்துகொண்டார். ஆறு வருடமாயிற்று.

மூன்றாவது தொட்டியில்தான் உயிர் இருக்கிறது என்பார் அவர். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அங்கே அழுக்கைத் தின்றுகொண்டிருக்கும். அவை மூச்சுவிட ப்ளோயர் என்ற இயந்திரம் ராப்பகலாகக் காற்று ஊத வேண்டும். வேலையில்லாத நாளில் அவை பட்டினி கிடக்கக் கூடாதென்று அவர் ஒரு வாளி சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுவார். வீட்டில் அவர் கணவருக்கு இதில் தீராத வருத்தம். "எனக்குச் சர்க்கரை இல்லாத காப்பி. இவ கிருமிக்கு வாளி வாளியா" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

ஐந்தாவது, மீன் தொட்டி. அதில் மீன்கள் உயிரோடு இருந்தால்தான் தண்ணீரை வாய்க்காலில் விடலாம் என்பது விதி. இருபது கெண்டைகள் விட்டிருந்தார்கள். மீன் செத்தால் அதற்கென்று உள்ள பதிவேட்டில் தேதி, எண்ணிக்கை, காரணம் மூன்றையும் எழுத வேண்டும். காரணத்தை மேனேஜர் சொல்லுவார், தொட்டியக்கா எழுதுவார். புரட்டிப் பார்த்தால் 'வயது முதிர்வு' நான்கு முறை வரும். 'குடும்பச் சண்டை' இரண்டு முறை. ஒரு மழைக்காலத்தில் 'மனச்சோர்வு' என்றுகூட இருந்தது.

வாய்க்கால் போய்ச் சேருவது ஏரியில். இந்த வேலைக்கு வருமுன் தொட்டியக்கா அந்த ஏரி மீனைக் கூடையில் வைத்து விற்றவர். ஒரு கோடையில் ஏரி மீன் முழுக்க ஒரே காலையில் மிதந்தது. வெயில் என்றார்கள். அவர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வெயில் இல்லை என்று தெரிந்தது. ஆனால் மீன்காரியிடம் விலையைத்தான் கேட்பார்கள், காரணத்தை யார் கேட்டார்கள்? இப்போதுதான், போன வருடத்திலிருந்து, ஏரியில் நத்தையும் தவளையும் திரும்பத் தலைகாட்டுகின்றன. ஆலையிலிருந்து மீண்டும் கறுப்புத் தண்ணீர் போனால் அவையும் போய்விடும்.

அன்று திங்கட்கிழமை. புதன்கிழமை அதிகாரி வருகிறார். அவர் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால் இன்னும் ஒரு வருடத்துக்கு வாய்க்காலை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

"வயது முதிர்வுன்னு போட்டுடும்மா," என்றார் மேனேஜர்.

"வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல சார்."

"மீனுக்கு ரெண்டு மாசம்னா நமக்கு எத்தனை வருஷமோ, யாரு கண்டா?"

தொட்டியக்கா எழுதவில்லை. தேதியும் எண்ணிக்கையும் போட்டு, காரணத்தைக் காலியாக விட்டார்.

ப்ளீச்சிங் கரைசல் தப்பி வந்திருந்தால் செவுள் வெந்து வெளுத்திருக்கும். இவை மூச்சுமுட்டிச் செத்தவை. மூன்றாவது தொட்டியில் தின்னாமல் விட்ட அழுக்கு மீன் தொட்டி வரை வந்துவிட்டால், கூடவே வரும் கிருமிகள் அங்கே தண்ணீரிலுள்ள காற்றையெல்லாம் தாங்களே இழுத்துக்கொள்ளும். விடியும் நேரத்தில் மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அப்படியானால் ப்ளோயர் நின்றிருக்கிறது. அதில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. சனி மாலை ஆறு மணிக்குக் குறித்ததையும் திங்கள் காலை ஆறு மணிக்குக் குறித்ததையும் கழித்துப் பார்த்தார். முப்பத்தாறு வர வேண்டிய இடத்தில் முப்பது வந்தது. போன வாரமும் முப்பது. அதற்கு முந்தின வாரமும்.

வாட்ச்மேனைப் பிடித்தார். "ஞாயித்துக்கிழமை யாரு வர்றா?"

"யாரும் வர்றதில்லையே..."

"அண்ணே."

"சார் வருவாரு. லீவு நாள்ல அவரு வீட்டுக்கு மச்சினன் குடும்பம் மொத்தமும் வந்துடுதாம். இங்க ரூம்ல பாய் விரிச்சுப் படுத்துடுவாரு. பதினொரு மணிக்கு வந்தா அஞ்சு மணிக்குப் போவாரு."

மேனேஜரின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ப்ளோயர். அதன் பக்கத்தில் நின்று பேசினால் பேசுகிறவருக்கே தான் சொல்வது கேட்காது.

"அந்தச் சத்தத்துல எப்படித் தூங்குறாரு?"

"சத்தத்துல ஏன் தூங்கணும்? சுவிட்சு இருக்கே!"

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை பார்ப்பவர். டாக்டர்களோடு நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்ததில் பாதி வைத்தியம் கற்றுக்கொண்டதாக நினைப்பு.

"இதுக்கா இவ்ளோ யோசனை? இதயம் நின்னு போச்சுன்னு எழுது. எங்க ஆஸ்பத்திரியில கடைசியில அதைத்தான் எழுதுறாங்க. பொய்யும் இல்ல பாரு, செத்த மீனுக்கு இதயம் ஓடவா செய்யும்?"

"ஏன் நின்னுச்சுன்னு கேட்டா?"

"அதைக் கேக்கறதுக்குள்ள லிஃப்ட் கீழ வந்துடும்."

"என் தொட்டியில லிஃப்ட் இல்லைங்க."

"வேலை போச்சுன்னா?"

"கூடை பரண்ல இருக்கு."

"கூடை இருக்கு. மீன் எங்க இருக்கு?" என்றார் அவர்.

மேனேஜர் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை தொட்டியக்கா சாப்பிடப் போன நேரத்தில் சாகாத மீனாகக் கேட்டு வாங்கிவந்து தொட்டியில் விட்டுவிட்டார். முழங்கை நீள விரால்கள், மூன்று. விஷயம் தெரிந்து தொட்டியக்கா வலையை எடுத்துக்கொண்டு ஓடினார். விரால் வலைக்கு அகப்படுகிற சாதியா? அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சார், விரால் மத்த மீனைத் தின்னுடும்!"

"ஒரே தொட்டியில பழகிக்கும்மா. நாம எல்லாரும் பழகலையா?"

புதன் காலை தொட்டியில் மூன்று விரால்கள் இருந்தன. மிச்சமிருந்த ஒன்பது கெண்டைகளைக் காணவில்லை. விரால்களுக்கு வயிறு உருண்டிருந்தது.

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். வெயிலில் நாலு ஆலை ஏறி இறங்கிய அலுப்போடு, கையில் ஒரு படிவத்தோடு வந்த அம்மாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு விரால் விசுக்கென்று மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே போயிற்று. அடுத்தது வந்தது.

"பாருங்க மேடம், என்ன துடிப்பு!" என்றார் மேனேஜர். "நம்ம தண்ணி அப்படி."

'மீன்கள் உயிருடன் உள்ளனவா' என்ற கேள்விக்கு எதிரே பேனா இறங்கியது.

"மேடம், அது துடிப்பு இல்ல. மூச்சு," என்றார் தொட்டியக்கா.

பேனா நின்றது.

"விராலு மேல வந்து வெளிக்காத்தைக் குடிக்கிற மீனு. சாக்கடையிலயும் இருக்கும், சேத்துலயும் இருக்கும். அது உயிரோட இருக்குன்னா விராலு நல்லா இருக்குன்னு அர்த்தம். தண்ணி நல்லா இருக்குன்னு இல்ல. தண்ணிக்குள்ள இருக்குற காத்தை மூச்சா இழுக்குற மீனு பிழைச்சாத்தான் கணக்கு."

"அந்த மீனெல்லாம் எங்கே?"

"ஒம்பது இதுங்க வயித்துல. பதினொண்ணு என் ஐஸ் டப்பால."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தொட்டியைப் பார்த்தார். விராலும் ஒருமுறை மேலே வந்து மூவரையும் பார்த்துவிட்டுப் போயிற்று.

"பதிவேடு இருக்கா?"

"பைண்டிங்குக்குப் போயிருக்கு மேடம்," என்றார் மேனேஜர்.

"வந்துடுச்சு சார்," என்று தொட்டியக்கா கையிடுக்கிலிருந்து எடுத்தார். "காரணம் மட்டும் எழுதணும். ரெண்டு நிமிஷம் மேடம்."

தொட்டிச் சுவரில் பதிவேட்டை விரித்து வைத்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். முதல் வரியில், 'மூச்சுத் திணறல். ஞாயிறு பகல் பதினொன்று முதல் ஐந்து வரை மேனேஜர் தூங்க ப்ளோயர் நிறுத்தம். மூன்று வாரமாக. மீட்டர் குறிப்பு பின்பக்கம்' என்று எழுதினார். எழுத்து எழுத்தாக, அவசரமில்லாமல். அடுத்த வரியில், 'ஒன்பது. விரால் தின்றது. விராலை விட்டவர்' என்று வந்தபோது காதருகே மேனேஜரின் குரல் கெஞ்சியது.

"ம்மா, மேனேஜர்னு வேணாம்மா. நிர்வாகம்னு எழுதேன். ரெண்டு இடத்துலயும் நிர்வாகம்னே போட்டுடேன்."

தொட்டியக்கா பேனாவை உயர்த்தி ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தார்.

"நிர்வாகம் தூங்கல சார். நீங்கதான் தூங்கினீங்க."

எழுதினார். இரண்டு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று இரண்டு முறை ஊதினார். சேர்த்து எழுதியதை ஒருமுறை விரல் வைத்துப் படித்து, 'நிறுத்தம்' என்பதில் விட்டுப்போன புள்ளியை வைத்தார். பிறகு பதிவேட்டை அதிகாரி படிக்க வசமாகத் திருப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். அதிகாரி வாங்கிக்கொண்டார்.