கைப்பிடியில் தொங்கிய பை

அம்மா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது மகள் வேறொரு நாட்டில், அலுவலகக் கூட்டம் ஒன்றின் நடுவே இருந்தாள். விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வழி நெடுக ஒரே கேள்விதான் அவளை அரித்தது: அம்மா தனியாகக் கிடந்தாளா? ஆஸ்பத்திரியிலிருந்து பேசியவர், "காலையில கொண்டுவந்தாங்க, மதியம் போயிட்டாங்க" என்றதோடு சரி. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. பதில் தாங்க முடியாததாக இருந்துவிட்டால்?

மறுநாள், அம்மா தனியாகக் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டிடத்தின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மணியை அழுத்தும் பழக்கம் யாருக்கும் கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே.

அம்மா காலமெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித் தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. அவள் ரகசியம் பேசினாலும் மாடிப்படியில் போகிறவர் நின்று பதில் சொல்வார். கட்டிடத்தில் அவள் பெயர் 'ஸ்பீக்கரக்கா'. "என்கூட வந்து இரும்மா" என்று மகள் கெஞ்சியபோதெல்லாம், "அங்க நான் ஒரு தும்மல் போட்டா போலீஸ் வரும்டி" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

ஓய்வுக்குப் பிறகு அந்தக் கட்டிடமே அவளுக்கு வேலையாகிவிட்டது. படிக்கட்டு பல்பு எரியாவிட்டால் ஏணியோடு நிற்பாள். பிரசவத்துக்குப் போகிறவளின் மூத்த பிள்ளை அவள் கட்டிலில்தான் தூங்கும். ஒருமுறை, தரைத்தளத்தில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் குளியலறையில் விழுந்து, ஒரு பகல் முழுக்க யாருக்கும் தெரியாமல் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "இத்தனை பேர் இருக்கற இடத்துல ஒருத்தி விழுந்தது தெரியலன்னா நாமெல்லாம் என்ன செவுரா?" என்று வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள்.

அப்படி வந்ததுதான் பை வழக்கம். தனியாக இருப்பவர்கள் படுக்கப் போகும்முன் வாசல் கைப்பிடியில் ஒரு துணிப்பையை மாட்ட வேண்டும். எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறியும் பை தொங்கினால் பார்க்கிறவர் தட்ட வேண்டும் என்று வந்தவர்கள் மகளுக்கு விளக்கினார்கள்.

"திறக்கலன்னா உடைக்கணும், அதையும் சேத்துச் சொல்லுங்க" என்றார் மூன்றாம் மாடித் தையல்காரர். "தங்கச்சி வீட்டுக்குப் போற அவசரத்துல நான் பைய எடுக்க மறந்துட்டேம்மா. பஸ்ஸ விட்டுட்டுத் திரும்பி வந்து பாத்தா, பூட்டு ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். உங்கம்மா என் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு என்னத் தேடறாங்க!"

"நீங்க கோவப்படலயா?"

"படாம? குதிச்சேன். 'உயிரோடதான இருக்கீங்க, அப்புறம் என்ன கோவம்?'னுட்டாங்க. கொஞ்ச நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். ஆனா பாருங்க, என்னைத் தேடறதுக்கும் ஆள் இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சது." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் டிரைவரான எதிர்வீட்டுக்காரி யூனிபார்மோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மகள் ஒருவழியாக அவளிடம் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு... பை?"

"தொங்கிச்சுக்கா. எப்பவும் நான் டூட்டிக்குக் கிளம்பறதுக்குள்ள எழுந்து, 'ஏண்டி, வெறும் வயித்தோட வண்டி ஓட்டப் போறியா?'ன்னு கத்துவாங்க. அன்னிக்குச் சத்தமே இல்ல. ஸ்பீக்கருக்கு என்னாச்சுன்னு சிரிச்சுக்கிட்டேதான் தட்டினேன். சுவத்தப் புடிச்சுக்கிட்டே வந்து திறந்தாங்க. நெஞ்சுல கை வச்சிருந்தாங்க."

"அப்புறம்?"

"டிப்போவுக்குப் போன் போட்டு, இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன்னுட்டேன். இந்தத் தையக்காரரு டாக்சி புடிச்சாரு. டீச்சர் வேணாம்னாலும் கேக்காம ஏறிக்கிட்டாங்க. மூணு பேரும் கட்டிலச் சுத்தி நின்னோம். ஒருத்தர்தான் இருக்கலாம்னு நர்ஸ் சொல்ல, 'நாங்க மூணு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளு'ன்னு டீச்சர் ஒரே சண்டை. கடைசி வரைக்கும் அவங்க கை என் கையிலதான்க்கா இருந்துச்சு."

மகள் டிரைவரின் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு, "என்னைக் கேட்டாங்களா?" என்றாள்.

டிரைவர் இழுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. 'அவகிட்ட இப்ப சொல்லாதீங்க, ஒண்ணுமில்லாததுக்கே பதறுவா'ன்னு மட்டும் சொன்னாங்க. கடைசியாப் பேசினது இவர்கிட்டதான்."

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "சுகர் மாத்திரை போட்டீங்களான்னாங்க. அந்த அவசரத்துல எங்க போடறது? இல்லன்னேன். அந்த நிலைமையிலயும், வார்டே திரும்பிப் பாக்கற மாதிரி ஒரு திட்டு."

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அழுகையும் கூடவே வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. அன்று கூட நின்ற மூன்று பேருக்கும் என்ன சொல்லித் தீரும்? நன்றி என்றால் தையல்காரர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். வந்ததிலிருந்து ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி.

"இத முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று டிரைவர் எழுந்து, எதிர்வீட்டுக் கதவைத் திறக்கப் போனாள்.