கொஞ்ச காலம் சும்மா கிடந்த பேர்

டீசல் வாசனை... அதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்தவன் சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் அந்த வாசனை போகாது. லீவில் கச்சிராயபாளையம் வரும்போது டவுன் பஸ்ஸில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார். அக்கா என் பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிடுவாள்.

"கப்பல்ல வேலை பாக்குறியா, லாரி ஷெட்ல வேலை பாக்குறியாடா? மொதல்ல குளிச்சிட்டு வூட்டுக்குள்ள வா."

அக்காவின் மூத்த பையன் இளங்கோ மட்டும் அப்படியே வந்து என் மேல் தொற்றிக்கொள்வான். கோமுகி அணைக்குக் கூட்டிப் போனால், "உன் கப்பலு இதுக்குள்ள வருமா மாமா?" என்பான்.

"வரும்டா. கரும்பு லோடு ஏத்திக்கினு போவும்."

நம்பிவிடுவான், பாவம்.

அவன் காய்ச்சலில் போனபோது நான் கடலுக்கு அடியில் இருந்தேன். தண்ணீருக்குள் இருக்கும் வரை வீட்டுச் செய்தி எதுவும் எங்களுக்கு வராது. கரைக்கு வந்த பிறகுதான் தந்தி கைக்குக் கிடைத்தது. ஊருக்கு ஓடி வந்தபோது காரியமே முடிந்திருந்தது. அக்கா அழக்கூட இல்லை.

"மாமா கப்பலு மேல வந்துச்சா, மேல வந்துச்சான்னு கேட்டுக்கினே இருந்தான்டா" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பேரைச் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் யாராவது தன் பிள்ளையை அந்தப் பேரால் கூப்பிட்டால் அக்கா அப்படியே நின்றுவிடுவாள். கையைப் பிடித்துத்தான் அழைத்து வரவேண்டும்.

சில வருஷம் கழித்து எங்கள் கப்பலுக்கு ஓய்வு கொடுத்தார்கள். கப்பலின் பேரை நான் இங்கே எழுதவில்லை, கூட இருந்தவர்களுக்குத் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் கொடியை இறக்கினார்கள். முரட்டு ஆசாமிகள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். நானும்தான்...

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலை உடைக்க அனுப்பினாலும் பேரை விடமாட்டார்கள். பின்னால் கட்டுகிற ஒரு கப்பலுக்கு அதே பேரை வைப்பார்கள்.

அதை ஒட்டி லீவில் ஊருக்கு வந்தபோது அக்காவுக்கு இரண்டாவது பையன் பிறந்திருந்தான். பேர் வைக்க நாள் குறித்திருந்தார்கள். நான் கப்பல் கதையைச் சொல்லி, "பெரியவன் பேரையே வெச்சிடலாம்க்கா" என்றேன். பெரிய யோசனை சொல்லிவிட்ட நினைப்பு எனக்கு.

"இன்னாடா பேசுற நீ? நான் இவனைக் கூப்புடுற ஒவ்வொரு தபாவும் அவன்தான்டா வந்து நிப்பான். கப்பலு இரும்பு, அதுக்கு ஒண்ணும் தெரியாது. இவனுக்குத் தெரியும். இவன் இவனாவே இருக்கட்டும்."

சரவணன் என்று வைத்தார்கள். எனக்குக் கோபம்தான். செத்தவனை மறக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

வருஷங்கள் ஓடின. ரிடையராகி ஊரோடு வந்துவிட்டேன். ஒரு நாள் அழைப்பு வந்தது. எங்கள் கப்பலின் பேரில் புது நீர்மூழ்கி வருகிறதாம், பழைய ஆட்கள் எல்லாம் வரவேண்டுமாம். மும்பைக்குத் துணையாக வந்தவன் சரவணன்.

புதுக் கப்பலுக்குள் இறங்கியதும் நான் படுத்த இடத்தைத் தேடினேன். அப்படி ஓர் இடமே அதில் இல்லை. எங்கே பார்த்தாலும் ஸ்கிரீன். பேர் அதே பேர், கப்பல் வேறு.

அங்கே நின்றபோதுதான் அக்கா சொன்னது புரிந்தது. கொடி இறக்கிய மறுநாளே வேறொரு கப்பலில் அந்தப் பேரை எழுதியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். நிலத்தை ஒரு போகம் சும்மா போடுவோமே, அது மாதிரி அந்தப் பேரும் இத்தனை வருஷம் கிடந்தது. அதனால்தான் என்னால் மனசாரக் கை தட்ட முடிந்தது.

திரும்பும்போது ரயிலில் சரவணனிடம் இதையெல்லாம் சொன்னேன். இளங்கோ பற்றியும். அப்படி ஓர் அண்ணன் இருந்தது அவனுக்குத் தெரியும், ஆனால் வீட்டில் கேட்கப் பயம். அப்போது அவன் பெண்டாட்டி மாசமாக இருந்தாள்.

பையன் பிறந்தான். பேர் வைக்கிற அன்று சரவணன் அக்கா முன்னால் போய் நின்றான்.

"அண்ணன் பேரை வெக்கட்டுமாம்மா?"

அக்கா குழந்தைக்குக் கை நீட்டினாள்.

"நானே உன்னை எப்படிக் கேக்கறதுன்னு இருந்தேன்டா" என்றாள்.

குழந்தையை வாங்கி, அதன் காதில் குனிந்து பேரைச் சொன்னாள். அன்றைக்குத்தான் அழுதாள்.

அப்போது அந்தப் பேர் காதில் விழுந்தாலே நின்றுவிடுவாள். இப்போது சாயங்காலமானால், "டேய் இளங்கோ, சோறு ஆறுதுடா" என்று தெருவுக்கே கேட்கக் கத்துகிறாள். என் சட்டையில் டீசல் வாசனையும் இல்லை. பையன் மட்டும் அதே மாதிரி வந்து தொற்றிக்கொள்கிறான்.

நேற்று அவனை அணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்.

"உன் கப்பலு இன்னும் தண்ணிக்குள்ளயே இருக்குதா தாத்தா?"

"இல்லடா இளங்கோ... மேல வந்துடுச்சி."